பொத்தானை அழுத்தியும் உயிர்பெறாத கணினி

புனே நகரின் புத்வார் பேட்டையில் உள்ள தாப்கீர் கல்லி, மின்பொருள் வாங்குவோர் நாடிச் செல்லும் நெரிசலான தெரு. மல்டிமீட்டர் முதல் பிளக் வரை கடைக்குக் கடை கிடைக்கும். பொறியியல் மாணவர்களும் மென்பொருள் ஊழியர்களும் மிகுந்த இந்நகரில், தமிழர் பலகாலமாய்க் குடியிருக்கும் ராஸ்தா பேட்டை இல்லங்கள் உட்பட, ஆயத்தக் கணினியை வாங்காமல் மதர்போர்டு, புராசசர், ராம், பவர் சப்ளை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோர் உண்டு. ஊருக்கும் இது பழகிய கலைதான். 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனம் 1991இல் இங்கு உருவாக்கிய பரம் 8000 மீக்கணினியும், சந்தையில் கிடைத்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்து அமைத்ததே.

வீட்டில் பொருத்தும் கணினிக்குச் சேமிப்பிலிருந்தோ மாதத் தவணையிலோ பெருந்தொகை செலவாகிறது. எல்லாம் முடித்துப் பொத்தானை அழுத்தும்போது ஒன்றும் நிகழாவிடில் மனம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் ‘போர்டு போய்விட்டது’ என்று தீர்மானித்து இன்னொன்றை வாங்கிவருவதுதான் உண்மையான நட்டம். புதிதாய்ப் பொருத்திய கணினியில், உறுப்பு கெட்டிருப்பதைவிட இணைப்பு ஒன்று விட்டுப்போயிருப்பதே மிகுதி.

அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். பழைய கணினிகளில் அது வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல 230 வோல்ட் மின்சாரத்தையே நேராகத் திறந்து மூடியது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபின், பொத்தான் வெறும் விண்ணப்பமாகிவிட்டது. காசோலையில் கையொப்பமிட்டவுடன் பணம் கைக்கு வந்துவிடுவதில்லை அல்லவா? பிளக் செருகியிருக்கும்வரை பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை போர்டுக்கு அளித்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் போர்டு, பச்சைக் கம்பியின் வழியே பவர் சப்ளையை எழுப்பும். அது 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை உண்டாக்கி, அவை நிலைபெற்றதும் ‘சரி’ என்னும் சைகையை அனுப்பும். அதன் பின்னரே புராசசர் வேலையைத் தொடங்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போயிற்று என்று காண்பதே பழுதறிதல்.

வங்கிப் பணியில் இருக்கும் எங்களுக்கு இம்முறை புதிதன்று. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒவ்வாதபோது நாங்கள் பேரேட்டைப் புதிதாய் எழுதத் தொடங்குவதில்லை. வேறுபாடு 9ஆல் மீதமின்றி வகுபடுகிறதா என்று பார்ப்போம்; வகுபட்டால், 54ஐ 45 என்று எழுதியதுபோல் இலக்கம் இடம் மாறியிருக்கக்கூடும். வேறுபாட்டில் பாதித் தொகையையும் தேடுவோம். பற்றில் ஏறவேண்டியது வரவில் ஏறியிருக்கலாம். வேறுபாட்டின் வடிவமே பிழையின் இருப்பிடத்தைக் காட்டும். கணினியின் மௌனத்திற்கும் அவ்வாறு வடிவங்கள் உண்டு.

விசிறி அசையவில்லை, விளக்கு எரியவில்லை, அடியோடு மௌனம் என்றால் சுவரிலிருந்து தொடங்குதல் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்துச் சுவர் சாக்கெட்டில் மேசை விளக்கை எரித்துப் பார்க்கலாம். பவர் சப்ளையின் பின்புறச் சிறு சுவிட்ச், வட்டத்தின் பக்கம் அன்றிக் கோட்டின் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். போர்டில் செருகும் 24 முனை இணைப்பு, கொக்கி மாட்டும் ஒலி கேட்கும்வரை இறங்கியிருக்க வேண்டும். அடுத்து ஐயத்திற்குரியது, முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரு கம்பிகள். அவற்றைச் செருகும் ஊசிகள் மிகச் சிறியவை. பக்கத்து ஊசிகளோடு எளிதில் குழம்பும். கையேட்டின் படத்தைப் பார்த்து, உரிய இரண்டு ஊசிகளை மட்டும் திருப்புளியின் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால், கணினி எழுந்துவிடுவதுண்டு. அப்படியாயின் போர்டு குற்றமற்றது. பழுது பொத்தானிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. எழாவிடில், ஊதாக் கம்பியில் மல்டிமீட்டர் 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்ட வோல்ட்டைக் காட்டுகிறதா என்று பார்த்தால் பவர் சப்ளையின் நிலை ஓரளவு புலப்படும்.

நேற்றுவரை ஓடிய கணினி, புனேவாசிகளுக்குப் பழக்கமான வியாழக்கிழமை மின்தடைக்குப் பின் எழவில்லை என்றால், உடனே கடைக்கு ஓட வேண்டா. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, சில நிமிடம் கழித்து மீண்டும் செருகிப் பார்க்க.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுமானால், எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்று ஐயுறலாம். போர்டின் அடியில் தவறான இடத்தில் நிற்கும் ஒரு பித்தளைத் தாங்கியோ, உள்ளே விழுந்த ஒரு திருகோ போதும். பிளக்கை எடுத்துவிட்டு, போர்டை வெளியே கொணர்ந்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, புராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் ஆகியவற்றோடு இயக்கிப் பார்த்தல் நன்று.

விசிறிகள் சுழன்றும் திரை இருண்டிருப்பதே மிகவும் ஏமாற்றும் நிலை. புராசசருக்கென்று போர்டின் மேல்மூலையில் தனியே உள்ள 8 முனை மின் இணைப்பைப் புதியோர் மறப்பது வழக்கம். கிராபிக்ஸ் கார்டு இருக்க, மானிட்டர் கம்பியை போர்டில் செருகுவோரும் உண்டு. ராம் ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்கலாம். பல போர்டுகளில் உள்ள நான்கு சிறு விளக்குகளுள் எது அணையாமல் நிற்கிறதோ, அது புராசசர், ராம், கிராபிக்ஸ், வட்டு என்று ஐயத்திற்குரியதைச் சுட்டும். டிடிஆர் 5 வகை ராம் உடைய கணினி முதன்முறை எழும்போது, நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்நேரத்தில் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைப்பவர்களே அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

எந்நிலையிலும் ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், எது பழுது என்று தெரியாமலே போகும். பவர் சப்ளையின் உறையை மட்டும் திறக்கலாகாது; பிளக்கை எடுத்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கும். கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள பவர் சப்ளைகளில், ஒன்றன் கம்பியை மற்றொன்றில் பயன்படுத்துவதும் கூடாது. முனைகள் பொருந்தினாலும் உள்ளமைப்பு வேறாயிருக்கும். வட்டும் போர்டும் கருகிப்போகும்.

உறுப்பே பழுது என்று உறுதியானால் ரசீதுகள் வேண்டும். தனித்தனிக் கடையில் வாங்கியதால் உத்தரவாதமும் தனித்தனியே. போர்டு விற்றவர் பவர் சப்ளையைக் குறைகூறுவார். பவர் சப்ளை விற்றவர் போர்டை. மேற்கண்டவாறு சோதித்த குறிப்பு கையில் இருந்தால் இந்த வழக்கு விரைவில் தீரும். தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை மட்டும் நம்பலாகாது. பழுது பார்க்கிறோம் என்று சொல்லிக் கைப்பேசித் திரையைப் பகிரச் செய்து கணக்கைக் காலி செய்வோர் பலர்.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது வட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்க. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் வரிக் கணக்குத் தாள்களும் அதில்தான் உள்ளன. கணினி எழாததால் அவை அழிந்துவிடுவதில்லை. விண்டோஸ் 11 வட்டைத் தானே பூட்டெழுத்தாக்கி வைத்திருக்கக்கூடும். அவ்வாறாயின் போர்டை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கலாம். கணினி நலமாய் இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி, ரசீதுகள் இருக்கும் உறையிலேயே வைத்துவிடலாம்.