விழுந்த பழத்தை என்ன செய்வது?

கடந்த ஆண்டு வைகாசியில், பிறருடைய வளவில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். 2009இல் போர் முடிந்தும் சொந்தக் காணி இன்னும் கைக்கு வராத விவசாயக் குடும்பம். வளவில் மூன்று மாமரங்கள். மரத்தில் நிற்கும் காயை உரிமையாளர் வியாபாரிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். நிலத்தில் விழுவதை இவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம். அன்று ஒரு கடகம் நிறையச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் தின்றது போக, மிச்சம் மாலைக்குள் அழுகத் தொடங்கிவிட்டது.

"மார்கழியிலை பிள்ளையள் ஒரு பழத்துக்கு ஏங்குங்கள், சுவாமி. இப்ப மாட்டுக்குப் போடுறம்" என்றார் அந்தத் தாய். மிஞ்சிய அப்பத் துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்த ஆண்டவரைப் பற்றி முந்திய ஞாயிறுதான் பிரசங்கித்திருந்தேன். அந்தக் கடகத்தின் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை.

விழுந்த பழம் ஏன் இவ்வளவு விரைவாகக் கெடுகிறது? தோல் வெடித்த இடத்தால் கிருமிகள் உள்ளே போகின்றன. எமது வெயில் அவற்றை வளர்க்கிறது. ஆகவே எதைச் செய்தாலும் அன்றைக்கே செய்யவேண்டும்.

அயலில் குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பழத்தைக் கழுவி, அடிபட்ட பாகத்தைத் தாராளமாக வெட்டி எறிந்து, தோல் சீவித் துண்டுகளாக்குங்கள். புளித்த மணமோ பூஞ்சணமோ உள்ளது வேண்டாம். உறைகுளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது. நான் முதன்முறை செய்தபோது எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துவிட்டேன். கல்லாக இறுகிய அதைப் பிரிக்கப் பங்குமனை உலக்கை தேவைப்பட்டது! துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்பி, ஓரிரவு இறுகவிட்டு, பிறகே ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பைகளில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டவேண்டும். பப்பாசி, அன்னாசி, பலாச்சுளைக்கும் இதே முறைதான். வாழைப்பழத்தை உரித்து, கறுக்காமல் இருக்கத் தேசிக்காய்ச் சாறு தடவி வையுங்கள்.

இளகிய பின் பழைய இறுக்கம் வராது. பழத்திலுள்ள நீர் உறையும்போது விரிந்து சதையைக் கிழித்துவிடுகிறது. சாறு கரைக்கவும், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு மசித்துக் கொடுக்கவும் அது போதும்.

-18 பாகை செல்சியஸில் பழம் 8 முதல் 12 மாதம் வரை நன்றாக இருக்கும். ஆனால் ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல்தட்டு பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அதில் வைத்ததைச் சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரத்தையும் முழுதாக நம்பமுடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? நிறைந்த உறைபெட்டி, திறக்காமல் விட்டால், சுமார் 48 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24. பழத்தில் இன்னும் ஐஸ் தெரிந்தால் மீண்டும் உறைய விடலாம். முற்றாக இளகிச் சூடேறியதை விடவேண்டாம்.

மார்கழிவரை வேண்டுமென்றால் வெயில்தான் எமது வழி. பனங்களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டுப் போடத் தெரிந்த தாய்மாருக்கு நான் கற்பிக்க என்ன இருக்கிறது? மாம்பழத்தையும் அப்படியே செய்யலாம். சதையைப் பிசைந்து, நார் போக வடித்து, கொதித்துத் தடிக்கும்வரை அடிப்பிடிக்காமல் கிண்டுங்கள். சீனி கட்டாயமில்லை, சிறிது தேசிக்காய்ப் புளி நல்லது. எண்ணெய் பூசிய தட்டில் மெல்லிதாகப் பரப்பி, வலைத்துணியால் மூடி வெயிலில் வையுங்கள். பனி விழமுன் உள்ளே எடுக்கவேண்டும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படை. விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சுருட்டி, ஈரமில்லாத ரின்னில் இறுக மூடுங்கள். வெயிலில் உயிர்ச்சத்து ஏ ஓரளவு குறையும்தான். மாட்டுக்குப் போட்டால் பிள்ளைக்கு அதுவும் இல்லை. இவ்வேலையை வைகாசி, ஆனியிலேயே முடிக்கவேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் ஒன்றும் காயாது.

அந்த வீட்டுக்கு மார்கழியில் மீண்டும் போனேன். பழைய பிஸ்கற் ரின்னில் ஒரு கையளவு மிஞ்சியிருந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி, கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் தாய்.