சாஃப்ட்வேர் வாங்கும் முன் செவிலியரைக் கேளுங்கள்

வார்டு முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். இரவு 10 மணிக்குப் போட்ட ஊசியை, மற்ற நோயாளிகளையும் கவனித்துவிட்டு 11 மணிக்குத்தான் செவிலியரால் பதிய முடிகிறது. பதிந்த நேரத்தையே ஊசி போட்ட நேரமாக சாஃப்ட்வேர் காட்டினால் அடுத்த டோஸின் கணக்கு பிசகும். விசாரணை என்று வந்தால் பழி விழுவது செவிலியர் தலையில்.

ஒரே லாகினைப் பலர் பயன்படுத்துவதும் ஆபத்து. ஒருவர் லாக் அவுட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்தவர் பதிவதெல்லாம் முதலாமவர் பெயரில் ஏறும். ஓயாமல் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், படிக்காமலே தள்ளிவிடக் கை பழகிவிடும். உயிர் காக்கும் எச்சரிக்கையும் அதோடு போய்விடும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனை, மருந்து உத்தரவுகளைக் கம்ப்யூட்டரில் பதியும் முறையை 2002 இறுதியில் கொண்டுவந்தது. வேலை இழுக்கிறது, நோயாளிக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்த்தார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவிட்ட அந்த ஏற்பாடு 2003 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அங்கே பேசியவர்கள் மருத்துவர்கள். செவிலியர், லேப் டெக்னீஷியன் சொல் அம்பலம் ஏற வேண்டுமானால் எழுத்தும் சட்டமும் துணை வேண்டும்.

சட்டம் தரும் வழி

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம இடம் உண்டு. பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம். அறப்பணி அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம். அரசு மருத்துவமனை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சாஃப்ட்வேர் வாங்கிய ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சிக்கல் நேர்ந்த தேதி, நேரம், நடந்தது மூன்றையும் உடனே குறித்து வையுங்கள். நோயாளியின் விவரம் தெரியும் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.
* புகாரை நர்சிங் சூப்பிரண்டிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.
* ஆளுக்கொரு லாகின், மருந்து கொடுத்த உண்மையான நேரத்தைப் பதியும் வசதி, சர்வர் நின்றால் எழுதக் காகிதப் படிவம் ஆகியவற்றைக் கேளுங்கள்.
* புதிய சாஃப்ட்வேரை முதலில் ஒரு வார்டில் மட்டும் சோதிக்கவும், வாங்கும் குழுவில் பணியில் உள்ள செவிலியரைச் சேர்க்கவும் சங்கத்தின் மூலம் வலியுறுத்துங்கள்.

தவறு நடந்த பிறகு விளக்கம் எழுதுவதைவிட, வாங்கும் முன்பே கேள்வி கேட்பது நோயாளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.