உங்களுக்குத் தெரியுமா? ஒரே காட்டில் இரு சிறுவர்கள்

பனியன் கம்பெனிகள் பெருகும் முன், அவிநாசிபாளையம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தின் மேட்டுக்காடுகளில் ஆடு மேய்த்தே பல சிறுவர்களின் பிள்ளைப்பருவம் கழிந்தது. அந்த வாழ்வைச் சொல்லும் நாவல், பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000).

பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். பண்ணயக்காரரின் மகன் செல்வன். இருவரும் காட்டில் சேர்ந்தே திரிவார்கள், விளையாடுவார்கள். ஆனால் ஒருவன் எசமான் பிள்ளை, மற்றவன் கூலியாள் என்பதைச் சாதி மறக்க விடுவதில்லை.

வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-இல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. நம் பிள்ளைகள் அவசியம் படித்துப் பேச வேண்டிய கதை இது.