மலையேறும் காருக்கு எந்த ஹெடர்?

மலையடிவாரத்துக் காட்ரோட்டில் தொடங்கி டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை தாண்டிக் கொடைக்கானலுக்கு வந்து நிற்கும் கார் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு இது நேரடி இழப்பு. கீழே 80 குதிரைத்திறன் தந்தது, ஏரிக்கரையில் 65-ஐ ஒட்டித்தான் தரும்.

எரிந்த வாயுவை வெளியேற்றும் ஹெடர் குழாய்களை மாட்டினால் இழந்த திறனை மீட்டுவிடலாம் என்று நம்புவோர் உண்டு. எந்த ஹெடர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வெளிவால்வு திறந்ததும் சூடான வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேர்ந்து விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. வெளிவால்வு மூடுவதற்குள், உள்வால்வும் திறக்கத் தொடங்கும் அந்த இம்மி நேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய எரிந்த வாயுவை இழுத்துப் போகும். புதுக்காற்று கூடுதலாக உள்ளே வரும். வழக்கமான, குட்டையான வார்ப்பிரும்பு மானிஃபோல்டில் நான்கு வழிகளும் உடனே கலந்துவிடுவதால், ஒரு சிலிண்டரின் அழுத்தம் இன்னொன்றின் வாயில் போய் முட்டும். ஹெடரில் சம நீளமுள்ள தனித்தனிக் குழாய்கள் அதைத் தவிர்க்கின்றன.

அலை போய்வரும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. வால்வு திறந்து மூடும் நேரமோ ஆர்பிஎம்மைப் பொறுத்தது. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிவினாடி, 3,000-இல் 20. முன்னதற்கு முக்கால் மீட்டர் குழாய் பொருந்துமானால், பின்னதற்கு அதன் இரு மடங்கு வேண்டும். சின்னக் காரின் பானட்டுக்குள் அதற்கு இடமேது?

கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார் உச்ச ஆர்பிஎம்மிலேயே பாடுபடும். அங்கே நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும் அகலமான 4-1 ஹெடர் பொருத்தம். கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியரில் 2,500-இல் முக்கும் காருக்கு அதை மாட்டினால், வாயுவின் வேகம் தளர்ந்து இருந்த இழுவையும் போய்விடும். மலைக்கு மெல்லிய குழாய்கள் கொண்ட 4-2-1 தான் நல்லது. 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் எரியும் என்ஜினில் அது 1-ஐ 4-உடனும் 2-ஐ 3-உடனும் இணைக்கிறது. ஜோடிக்குள் ஒன்றின் வெடிப்புக்கும் அடுத்ததற்கும் ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கிறது. அப்போதும் கிடைப்பது சில சதவீதம்தான். மலை பறித்ததை எந்தக் குழாயும் திருப்பித் தராது.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு, சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பெரும்பாலும் மானிஃபோல்டை ஒட்டியே வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு ஹெடர் போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். நச்சுப்புகை அப்படியே வெளியேறும்; மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இப்படிப்பட்ட மாற்றத்தை அனுமதிப்பதில்லை. கூடவே வரும் அந்த உறுமலைக் காட்டெருமைகள் நடமாடும் சரணாலயத்தின் நடுவே எழுப்ப யாருக்கும் உரிமையில்லை.

மலையில் திறன் குறையக்கூடாது என்பவருக்கு டர்போவே வழி. வெளியேறும் வாயுவே டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். இதற்கு நீண்ட குழாய் உதவாது. வெப்பம் வீணாகாமல் குறுகிய வழியில் டர்பைனைச் சேர வேண்டும். வோக்ஸ்வேகனின் 1.0 டிஎஸ்ஐ என்ஜினில் மானிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். கழற்றி ஹெடர் மாட்டத் தனி மானிஃபோல்டே அதில் கிடையாது.