மேடையில் திடீர்னு 'மக்கர்' செய்யும் பிளாஷ் லைட்: சூடு ஏறினால் என்ன செய்யணும்?

சென்னை:

ரிசப்ஷன் களைகட்டி நிற்கிறது. கையில் மொய்க் கவருடன் மேடைப்படி வரைக்கும் கூட்டம். போட்டோகிராபர் 'கிளிக்' செய்கிறார். பிளாஷ் அடிக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். ஊஹூம். 'என்னப்பா, லைட் போயிடுச்சா?' என்று பெண்ணின் மாமா குரல் கொடுக்க, லைட் பாய் ஓடிப்போய் பிளாஷ் தலையில் நாலு தட்டு தட்டுகிறார்.

முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் சகஜமாக நடக்கிற காட்சி இது. லைட் கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பல நேரங்களில் அது கெட்டுப்போயிருக்காது. சூடு தாங்காமல் தானாக நின்றிருக்கும். இது தெரியாமல் தட்டுவதும், திறந்து பார்ப்பதும்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது.

உள்ளே என்ன இருக்கு?

ஸ்டாண்டில் நிற்கும் ஸ்டூடியோ பிளாஷுக்குள் செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். பளிச் என்று அடிப்பது அதுதான். அதற்கான கரண்டைச் சேர்த்து வைப்பது கெபாசிட்டர். சீலிங் பேனில் 'கண்டென்சர்' என்பார்களே, அந்த ஜாதிதான். ஆனால் பல மடங்கு பெரிசு.

குழாய்க்கு நடுவில் மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கும் சின்ன ஹாலஜன் பல்ப்தான் 'மாடலிங் லேம்ப்'. நிழல் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே பார்க்க மட்டும்தான் அது. போட்டோவுக்கு வெளிச்சம் தருவது அதுவல்ல.

சூட்டை வெளியே தள்ள பின்னால் குட்டி பேன் இருக்கும். அதையும் மீறிச் சூடு ஏறினால் 'தெர்மல் கட்-அவுட்' என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் பிளாஷை நிறுத்திவிடும். சூடு இறங்கியதும் தானாக வேலை செய்யும். விலை குறைந்த சில லைட்டுகளில் இந்த ஸ்விட்ச் இருக்காது. அவற்றில் முன்பக்க பிளாஸ்டிக் உருகலாம், குழாய் வெடிக்கலாம், சாப்ட் பாக்ஸ் துணி கருகலாம்.

யார் குற்றவாளி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் 100 குடும்பம் மேடை ஏறுகிறது, ஆளுக்கு 3 'கிளிக்' என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 பிளாஷ். அதாவது 12 விநாடிக்கு ஒன்று. 400 ஜூல் லைட்டை முழு பவரில் வைத்து அடித்தால் சராசரி 33 வாட் அளவுக்குத்தான் சக்தி செலவாகிறது.

ஆனால் 150 வாட் மாடலிங் பல்ப் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கிறது. மொத்தம் 183 வாட்டில் 150 வாட் அந்த மஞ்சள் பல்ப்புக்கே போகிறது. சாப்ட் பாக்ஸ் துணி நாலு பக்கமும் மூடியிருப்பதால் சூடு வெளியே போக வழி கிடையாது.

மேடையில் வீடியோ லைட்டும் சீரியல் செட்டும் எரிகிறபோது மாடலிங் பல்ப் தேவையே இல்லை. அதை அணைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பவரைக் குறைங்க!

குரூப் போட்டோ எடுக்கிற அவசரத்தில் 4 விநாடிக்கு ஒரு பிளாஷ் அடித்தால் கதையே வேறு. முழு பவரில் 100 வாட்டுக்கு ஏறிவிடும்.

இதற்கும் வழி கேமராவிலேயே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100-ல் எடுப்பவர்கள் 400-க்கு மாற்றினால், பிளாஷ் பவரை 1/4 ஆகக் குறைத்தாலும் முகத்தில் அதே வெளிச்சம் கிடைக்கும். 100 வாட் 25 வாட்டாகிவிடும். அடுத்த 'கிளிக்'குக்கும் சீக்கிரம் தயாராகும். இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் ஆல்பத்தில் புள்ளி தெரியாது. பின்னால் உள்ள மேடை அலங்கார விளக்குகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

கேமரா தலையில் மாட்டும் சின்ன பிளாஷுக்கும் இதே விதிதான். முழு பவரில் தொடர்ந்து 20 அல்லது 30 முறை அடித்தால் 10 நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

நின்றுவிட்டால்...

* மாடலிங் பல்ப்பை உடனே அணைக்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டாம். பேன் ஓடினால்தான் சூடு இறங்கும்.

* சாப்ட் பாக்ஸின் முன் துணியைக் கழற்றிவிட்டு 10 நிமிஷம் பொறுக்கணும். அதற்குள் இரண்டாவது லைட்டை வைத்துச் சமாளிக்கலாம்.

* ஈரத்துணி போட்டுக் குளிர வைக்கவே கூடாது. சூடான கண்ணாடி பட்டென்று உடையும். கரண்ட் ஷாக்கும் அடிக்கலாம்.

* ஹாலஜன் பல்ப் எரியும்போது 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆறுவதற்குள் தொட்டால் விரல் பொத்துவிடும். புது பல்ப்பைக்கூட வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சூடு கூடி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

* 150 வாட் போடும் இடத்தில், வெளிச்சம் கூடட்டும் என்று 250 வாட் பல்ப் போடுவது வினையை விலைக்கு வாங்குவது மாதிரி.

* கருகல் வாசனை வந்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கணும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்டபத்தில் இருக்கும் பவுடர் தீயணைப்பானை எடுத்து அடிக்கணும். தீயணைப்புத் துறை எண் 101.

திறந்தால் உயிருக்கே ஆபத்து

'பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே, இனி என்ன ஷாக் அடிக்கப் போகுது?' என்று ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்கள் உண்டு. இங்கேதான் தப்பு நடக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். கை பட்டால் இதயமே நின்றுபோகலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் மட்டும்தான் திறக்கணும். கட்-அவுட் ஸ்விட்சை 'டைரக்ட்' பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதும் கூடாது. காப்பாற்றுகிற காவல்காரனை வீட்டுக்கு அனுப்புகிற வேலை அது.

பேட்டரியில் ஓடும் புது மாடல் பிளாஷ்களில் எல்.இ.டி. மாடலிங் லைட் வருவதால் சூடு குறைவு. ஆனால் லித்தியம் பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப்போகவும் கூடாது. உப்பிப்போன பேட்டரியை மறுபடி மாட்டவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் அவசர அவசரமாகப் பையில் திணிக்காமல் ஆறவிட்டு எடுத்து வைத்தால் லைட் பல வருஷம் உழைக்கும். பின்னால் உள்ள காற்றுத் துவாரத்தில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

கல்யாண வீட்டாரும் ஒன்றைப் புரிந்துகொள்ளணும். போட்டோகிராபர் 10 நிமிஷம் கேட்டால் சத்தம் போடாமல் கொடுத்துவிடலாம். அவருக்குச் சோறு போடுவது அந்த லைட்தான். அந்த லைட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.