சர்க்கரை தாழும்போது உடல் சொல்வது

இரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கியதும் நலமான கணையம் இன்சுலின் சுரப்பை அடக்கிவிடும். கணையத்தில் தோன்றும் இன்சுலினோமா என்னும் சிறு கட்டியோ, சர்க்கரை தாழ்ந்த பின்னரும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும்.

அப்போது உடல் தன்னைக் காக்க முனைகிறது. குளுக்ககான் என்னும் சுரப்பு, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளிக்கொணர்கிறது. அட்ரினலின் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றால் எச்சரிக்கிறது. சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் மூளை தடுமாறும். குழப்பம், மங்கிய பார்வை, பொருந்தாப் பேச்சு, சில வேளைகளில் வலிப்பும் தோன்றும்.

சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் முன்னெச்சரிக்கைகள் மழுங்கிவிடும். நோயாளி தம் நிலையை உணரார். முதலில் காண்பவர் வீட்டாரே. இதனை மனநோய் என்றோ வலிப்பு நோய் என்றோ கருதிவிடுவதும் உண்டு.

விடியற்காலையிலோ, உணவு தவறியபோதோ இவ்வாறு நேர்ந்து, இனிப்பு உண்டதும் தெளிவு திரும்பினால், நாளையும் நேரத்தையும் குறித்துவந்து எங்களிடம் கூறுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இக்கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கட்டியை அறுவை மருத்துவத்தால் அகற்றினால் பெரும்பாலோர் முற்றிலும் நலம் பெறுகின்றனர்.