பணிவு வேறு, மௌனம் வேறு



இறைவனின் ஆடலைப் பாடிய காரைக்கால் அம்மையாரின் ஊர் நம்முடையது. பெண்ணின் குரலுக்கு இங்கே தொன்மையான மதிப்பு உண்டு. நம் பங்குக் குடும்பங்களிலும் பரதம் பயிலும் சிறுமியர் இருக்கின்றனர். ஆதலால், 2023ஆம் ஆண்டு சென்னையில் நடனம் பயிலும் பிள்ளைகள் காட்டிய துணிவை நாம் மறத்தலாகாது.

திருவான்மியூரிலுள்ள கலாக்ஷேத்திரா, 1936ஆம் ஆண்டு ருக்மிணிதேவி அருண்டேல் நிறுவிய புகழ்மிக்க கலைக்கூடம். அங்கே ஆசிரியர் சிலர்மீது பாலியல் தொல்லைப் புகார் எழுந்தபோது, அது முதலில் வதந்தி என்றே ஒதுக்கப்பட்டது. மார்ச் 30 அன்று மாணவ மாணவியர் வளாகத்திலேயே அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். ஏப்ரல் 6 வரை கல்லூரிக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. அவர்களோ கலைந்து செல்லவில்லை. மறுநாள் மாநில மகளிர் ஆணையத் தலைவி நேரில் வந்து அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். ஏப்ரல் 3 அன்று உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைந்தது.

குற்றத்தை ஆராய்ந்து தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அப்பிள்ளைகளின் நெஞ்சுரத்தை. நடனக் கல்வியில் குருவை வணங்கியே பாடம் தொடங்கும். கையையும் தோளையும் தொட்டுத் திருத்துவது அங்கே வழக்கம். மேடையும் சான்றிதழும் எதிர்காலமும் குருவின் சொல்லில் அடங்கியிருக்கும். அத்தகைய இடத்தில் வாய் திறப்பது எளிதன்று. மாணவியரோடு மாணவரும் உடன் அமர்ந்தனர் என்பது மேலும் போற்றத்தக்கது.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டியவர்கள் முதியோரும் நடுவருமாய் இருந்ததால், மக்கள் ஆராயாமல் நம்பினர். 'விசாரியுங்கள்' என்று குரல் எழுப்பியவன் ஓர் இளைஞனே.

'குரு' என்னும் பெயரை நாங்களும் தாங்கி நிற்கிறோம். ஆகவே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இந்தப் பாடத்தைத் திருச்சபையும் காலந்தாழ்த்தி, கண்ணீரோடுதான் கற்றது. முறையீடுகளை ஏற்க ஒவ்வொரு மறைமாவட்டமும் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் ஆணையிட்டார். 2023 மார்ச் 25 அன்று அதை நிலையான சட்டமாகப் புதுப்பித்தார். அதற்கு ஐந்தாம் நாள்தான் சென்னைப் பிள்ளைகள் போராட்டத்தில் அமர்ந்தனர்.

பெற்றோரே, 'இனி அந்த வகுப்புக்குப் போகமாட்டேன்' என்று மகளோ மகனோ சொன்னால், சோம்பல் என்று கடியாதீர்கள். அருகில் அமர்த்திக் காரணம் கேளுங்கள். 'அவரைப் போய் அப்படிச் சொல்லலாமா?' என்று வாயடைக்காதீர்கள். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மூடி மறைக்காதீர்கள். சிறாருக்கு இத்தகைய தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சிறாருக்கு உதவ 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. பங்கில் ஆடல் பாடல் பயிற்சி நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் உடன் இருக்கட்டும்.

பெரியோரைப் பணியும்படி நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம், அது நன்று. தீங்கு கண்டால் அஞ்சாமல் நம்மிடம் சொல்லவும் கற்பிப்போம். அவர்கள் சொல்லும் நாளில் நம்பிக் கேட்கும் செவி வீட்டிலேயே இருக்கட்டும்.